கியூடிட் கம்பைலர் எழுதுவது எப்படி: கேட்டிலிருந்து லேசர் துடிப்பு வரை முழுமையான வழிகாட்டி

கால்சியம்-40 அயனியில் குவாண்டம் தகவலைத் தாங்கக்கூடிய மட்டங்கள் மொத்தம் 8. அடியில் இருக்கும் எஸ் மட்டத்தில் 2, மேலே டி மட்டத்தில் 6. கியூபிட்டாகப் பயன்படுத்தும்போது இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஆறையும் சும்மா விட்டுவிடுகிறோம். சூப்பர்கண்டக்டர் சில்லுகளில் இருக்கும் டிரான்ஸ்மானும் அப்படித்தான். 0, 1 என்ற இரண்டு படிகளோடு அது நின்றுவிடுவதில்லை. மேலேயும் படிகள் உண்டு. அந்த மேல் மட்டங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் அது கியூடிட். மூன்று மட்டம் என்றால் கியூட்ரிட்.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகக் குழு 2022-இல், அயனி ஒன்றுக்கு 7 மட்டங்கள் வரை பயன்படுத்தும் கியூடிட் செயலியைச் செய்து காட்டியது. அப்படிப்பட்ட கருவிக்குக் கட்டளை கொடுக்க ஒரு கம்பைலர் வேண்டும், அதாவது கேட்டுகளாக எழுதிய சர்க்கியூட்டை வன்பொருளுக்கு அனுப்பும் துடிப்புகளாக மாற்றும் மென்பொருள். கியூபிட்டுக்கு எழுதிய கம்பைலரில் 2 இருக்கும் இடத்தில் எல்லாம் 3 போட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியாது.

கியூபிட், கேட், அணிப் பெருக்கல் ஆகியவை தெரிந்த, பைத்தான் எழுதத் தெரிந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்டை உடைப்பது இதில் கஷ்டமான வேலை இல்லை, அதற்குப் பழைய கணிதம் போதும். எந்தத் துடிப்பை அனுப்பாமலே தவிர்க்கலாம் என்று கண்டுபிடிப்பதில்தான் நல்ல கம்பைலருக்கும் சுமாரான கம்பைலருக்கும் வித்தியாசம் தெரியும்.

படி 1: கருவிகளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து எழுத வேண்டியதில்லை. மூன்று திறந்த மூலக் கருவிகள் உங்களுக்கு உதவும்.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எம்கியூடி கியூடிட்ஸ் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. கலப்புப் பரிமாணப் பதிவேடு (பரிமாணம் என்றால் மட்டங்களின் எண்ணிக்கை; கியூடிட்டுக்குக் கியூடிட் அது மாறலாம்), மட்டங்களின் கிராஃப், சிமுலேட்டர், கம்பைலர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மட்ட கிராஃபைப் பார்த்து கேட்டை உடைக்கும் முறைகளை அந்தக் குழுவும் இன்ஸ்ப்ரக் குழுவினரும் சேர்ந்து உருவாக்கினார்கள். முதலில் இதன் மூல நிரலைப் படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்திலிருந்து வருவது பெர்க்லி குவாண்டம் சிந்தசிஸ் டூல்கிட். அதன் அணுகுமுறை வேறு. அணியைக் கொடுத்தால் எண் கணிப்பு மூலம் தேடித் தேடி அதற்கு நெருக்கமான சர்க்கியூட்டைக் கண்டுபிடிக்கும். கியூட்ரிட்டையும் ஏற்கும். கூகுளின் சர்க் நூலகத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் (சர்க்கியூட் படத்தில் ஒரு கியூடிட்டைக் குறிக்கும் கோடு) தனிப் பரிமாணம் கொடுக்கலாம், சிமுலேஷனுக்கு நல்லது. கிஸ்கிட் முழுக்க கியூபிட்டை மையமாக வைத்துக் கட்டப்பட்டது என்பதால் இந்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

படி 2: பரிமாணத்தை முடிவு செய்யுங்கள்

பரிமாணம் கூடக் கூட நல்லது என்று இறங்கிவிடக் கூடாது. 10 கியூட்ரிட்டுகளின் நிலையை எழுத 59,049 கலப்பெண்கள் வேண்டும். 16 கியூபிட்டுகளுக்கு 65,536. கிட்டத்தட்ட அதே கொள்ளளவு, ஆறு பொருள்கள் குறைவு. ஆனால் மேல் மட்டங்கள் இலவசம் இல்லை. டிரான்ஸ்மானில் இரண்டாவது மட்டம் முதல் மட்டத்தைவிடச் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் சிதைந்துவிடும்.

இரண்டு சந்தர்ப்பங்களில் கியூடிட் நிச்சயம் லாபம். ஒன்று, பிரச்சினையே பல மட்டங்களோடு வரும்போது. துகள் இயற்பியலின் கேஜ் புலங்கள் (துகள்களுக்கு இடையேயான விசைகளைச் சுமக்கும் புலங்கள்) அப்படிப்பட்டவை. 2025-இல் இன்ஸ்ப்ரக் குழுவும் கனடாவின் வாட்டர்லூ குழுவும் இருபரிமாண கேஜ் கோட்பாட்டைக் கியூடிட் கணினியில் சிமுலேட் செய்தபோது புலத்தின் மதிப்புகள் கியூடிட்டின் மட்டங்களில் நேராக உட்கார்ந்துகொண்டன.

இன்னொன்று, வெளியே கியூபிட்டாகவே இருந்துகொண்டு நடுவில் மட்டும் மூன்றாவது மட்டத்தைக் கடன் வாங்குவது. முதல் இரண்டு கியூபிட்டும் 1 ஆக இருந்தால் மட்டும் மூன்றாவதைத் திருப்பும் டொஃபோலி கேட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாதாரணமாக அதற்கு 6 சி-நாட் வேண்டும். நடுக் கியூபிட்டை மட்டும் கியூட்ரிட்டாக வைத்துக்கொண்டால் மூன்றே இரட்டை கேட்டுகளில் முடிகிறது. முதல் கம்பி 1 ஆக இருந்தால் நடுக் கம்பியில் |1⟩, |2⟩ இரண்டையும் இடம் மாற்றுங்கள். நடுக் கம்பி |2⟩-இல் இருந்தால் மூன்றாவது கம்பியைத் திருப்புங்கள். அப்புறம் முதலில் செய்ததை மறுபடி செய்து நடுக் கம்பியைப் பழையபடி ஆக்குங்கள். முதல் இரண்டும் 1 ஆக இருந்தால் மட்டுமே நடுக் கம்பி |2⟩-ஐத் தொடும் என்பதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இது 2009-இலேயே ஒளித்துகள்களை வைத்துச் செய்து காட்டப்பட்டது.

படி 3: கம்பிக்குக் கம்பி பரிமாணம் எழுதுங்கள்

மேலே சொன்ன டொஃபோலியில் பரிமாணங்கள் 2, 3, 2. உங்கள் கம்பைலரின் உள் வடிவம் இதைத் தாங்க வேண்டும். 'எத்தனை கியூபிட்' என்ற ஒற்றை எண்ணை எங்கேயும் சேமிக்காதீர்கள். பரிமாணங்களின் பட்டியலைச் சேமியுங்கள். எம்கியூடி கியூடிட்ஸ் இதற்காகவே குவாண்டம் சர்க்கியூட்டுகளை எழுதும் ஓப்பன்கேஸம் 2.0 மொழியை நீட்டி, பதிவேட்டை அறிவிக்கும்போதே ஒவ்வொரு கம்பியின் பரிமாணத்தையும் எழுத வழி செய்திருக்கிறது.

கலப்புப் பரிமாணத்தில் நிலை எண்ணைக் கணக்கிட பிட் நகர்த்தல் உதவாது. பரிமாணங்கள் 2, 3, 2 என்று வைத்துக்கொண்டால் |1,2,1⟩ என்ற நிலையின் இடம்: 1-ஐ 3-ஆல் பெருக்கி 2 கூட்டினால் 5, அதை 2-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 11. மொத்தம் 12 இடங்கள், 0 முதல் 11 வரை. ஆக இது கடைசி இடம், சரியாக வருகிறது. எந்தக் கம்பி முதலில் என்பதை ஒரே ஓர் இடத்தில் முடிவு செய்து, எல்லாச் செயற்கூறுகளும் அதையே அழைக்கும்படி வைத்துவிடுங்கள்.

படி 4: கேட்டுகளை வரையறுங்கள், பழைய விதிகளைத் தூக்கிப் போடுங்கள்

எக்ஸ் கேட் ஒவ்வொரு மட்டத்தையும் ஒரு படி ஏற்றும். கடைசி மட்டம் சுற்றிக்கொண்டு 0-க்கு வரும். இசட் கேட் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு ஃபேஸ் கொடுக்கும். கியூட்ரிட்டில் அவை 0, 120, 240 பாகைகள். ஹடமார்டின் இடத்தில் ஃபூரியே கேட். சி-நாட்டின் இடத்தில் சி-சம்: முதல் கியூடிட்டின் மதிப்பை இரண்டாவதோடு கூட்டி, பரிமாணத்தால் வகுத்து மீதியை வைத்துக்கொள்வது.

கியூபிட் கம்பைலர்களில் ஒரு விதி எங்கும் பரவிக் கிடக்கும்: அடுத்தடுத்து ஒரே கேட் இரண்டு முறை வந்தால் இரண்டையும் அழித்துவிடு. எக்ஸ், ஹடமார்ட், சி-நாட் எல்லாவற்றுக்கும் இரண்டு மட்டத்தில் அது சரி. மூன்று மட்டத்தில் எக்ஸை இரண்டு முறை போட்டால் |0⟩ போய் நிற்பது |2⟩-இல். சி-சம் மூன்று முறை போட்டால்தான் பழைய இடத்துக்கு வரும். ஃபூரியேவை இரண்டு முறை போட்டால் |1⟩-உம் |2⟩-உம் இடம் மாறியிருக்கும். நான்கு முறை போட வேண்டும். பழைய நிரலை எடுத்து நீட்டுகிறீர்கள் என்றால் முதலில் இந்த விதியைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். சத்தமில்லாமல் தப்பான விடையைக் கொடுக்கும் ரகம் இது, எர்ரர் எதுவும் வராது.

பரிமாணம் 4 வந்தால் இன்னொரு கவனம். நான்கு மட்டத்தை இரண்டு கியூபிட்டாகவும் பார்க்கலாம், 4-ஆல் வகுத்த மீதியாகவும் பார்க்கலாம். இரண்டு பார்வையிலும் எக்ஸ் வேறு வேறு கேட். எதைச் சொல்கிறீர்கள் என்பது வகையிலேயே தெரிய வேண்டும்.

படி 5: வன்பொருளை மட்ட கிராஃபாக எழுதுங்கள்

கியூபிட் கம்பைலருக்கு எந்தக் கியூபிட் எதோடு இணைந்திருக்கிறது என்ற ஒரு வரைபடம் போதும். கியூடிட்டில் ஒவ்வொரு கியூடிட்டுக்கு உள்ளேயும் இன்னொரு கிராஃப் உண்டு. மட்டங்கள் முனைகள்; ஒரே துடிப்பில் தாவக்கூடிய இரண்டு மட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு.

டிரான்ஸ்மானில் அது நேர்ச் சங்கிலி. 0-1, 1-2, 2-3. முதல் தாவல் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் அடுத்தது அதைவிட 0.2 முதல் 0.3 கிகாஹெர்ட்ஸ் வரை குறைவு. அந்த வித்தியாசத்தால்தான் ஒன்றைத் தொடாமல் மற்றதைத் தொட முடிகிறது.

கால்சியம் அயனியில் அது நட்சத்திரம். 729 நானோமீட்டர் லேசர் எஸ் மட்டத்துக்கும் டி மட்டத்துக்கும் நடுவேதான் தாவ வைக்கும். டி மட்டத்தின் இரண்டு கிளைகளுக்கு (முதலில் எண்ணிய 2 எஸ், 6 டி மட்டங்களில் ஒவ்வொன்றையும் இனிக் கிளை என்கிறேன்) நடுவே நேர்க்கோடு கிடையாது. காந்த எண் (ஒவ்வொரு கிளையையும் அடையாளம் காட்டும் எண்) 2-க்கு மேல் மாறவும் கூடாது. ஆக, −1/2 காந்த எண் கொண்ட எஸ் கிளை நடுவில் உட்கார்ந்தால், −5/2 முதல் 3/2 வரையான ஐந்து டி கிளைகள் அதைச் சுற்றி நிற்கும்.

கோடுகளுக்கு விலையும் எழுதுங்கள், எல்லாக் கோடும் ஒன்றல்ல. நடு எஸ் கிளையிலிருந்து −1/2 டி கிளைக்குப் போகும் தாவலோடு ஒப்பிட்டால், 3/2 கிளைக்குப் போகும் தாவல் காந்தப்புல இரைச்சலுக்கு 7 மடங்கு அதிகமாக அசைந்து கொடுக்கும். விலை எழுதாத கம்பைலர் இரண்டையும் சமமாகப் பாவித்து, முக்கியமான மட்டத்தைக் கொண்டுபோய் மோசமான கிளையில் வைத்துவிடும்.

படி 6: ஒற்றைக் கியூடிட் கேட்டை உடையுங்கள்

எந்த யூனிட்டரி அணியையும் இரண்டிரண்டு மட்டங்களுக்கு இடையேயான சுழற்சிகளாக உடைக்கலாம். கிவன்ஸ் சுழற்சி என்று எண் கணிதத்தில் படித்திருப்பீர்கள். மூலைவிட்டத்துக்குக் கீழே இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பூஜ்யமாக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மூலைவிட்டம் மட்டும் மிஞ்சும். அதிகபட்சம் பரிமாணம் 3-க்கு 3 சுழற்சிகள், 5-க்கு 10, 7-க்கு 21.

கியூட்ரிட் ஃபூரியேவை எடுத்துச் செய்து பார்ப்போம். அதன் முதல் நிரலில் (அணியில் மேலிருந்து கீழாக வரும் வரிசை) மூன்று உறுப்புகளும் 1/√3.

முதல் சுழற்சி, மட்டம் 1-க்கும் 2-க்கும் இடையே. இரண்டு உறுப்புகளும் சமம், எனவே 90 பாகை போதும். மூன்றாவது உறுப்பு பூஜ்யம் ஆகிவிட்டது. இரண்டாவது √(2/3) ஆகிவிட்டது.

இரண்டாவது சுழற்சி, 0-க்கும் 1-க்கும் இடையே. பாதிக் கோணத்தின் டேன் மதிப்பு √2. கோணம் 109.47 பாகை. முதல் நிரல் முடிந்தது; யூனிட்டரி என்பதால் முதல் நிரையும் தானாகச் சுத்தமாகிவிடும்.

மூன்றாவது, மீந்த இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் எல்லா உறுப்புகளின் அளவும் 1/√2. மறுபடி 1-2 இடையே 90 பாகை. மிச்சம் இருப்பது வெறும் ஃபேஸ்கள்.

உடைத்தது அணியை மூலைவிட்டமாகச் சுருக்குவதற்கு. வன்பொருளுக்கு அனுப்பும்போது இதன் நேர்மாறுகளைத் தலைகீழ் வரிசையில் அனுப்ப வேண்டும்; இதில் சறுக்காதவர்கள் குறைவு.

டிரான்ஸ்மானுக்கு இதோடு வேலை முடிந்தது. 1-2, 0-1, 1-2 எல்லாமே சங்கிலியில் இருக்கும் கோடுகள். மூன்று துடிப்புகள்.

இப்போது இதையே கால்சியம் அயனிக்குக் கொடுங்கள். வழக்கம்போல 0-ஐ எஸ் மட்டத்திலும் 1, 2 இரண்டையும் டி கிளைகளிலும் வைத்திருக்கிறோம். 1-2 நடுவே கோடு இல்லை. அதனால் 1-2 சுழற்சி ஒவ்வொன்றுக்கும் மூன்று துடிப்பு ஆகும்: 180 பாகைத் துடிப்பால் 0-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றி, 0-2 கோட்டில் சுழற்றி, மறுபடி இடம் மாற்ற வேண்டும். அப்படி இரண்டு சுழற்சிகள், நடுவில் 0-1 சுழற்சி ஒன்று. மொத்தம் 3 + 1 + 3 = 7.

இனிமேல்தான் கம்பைலரின் வேலை. நடுவில் பாருங்கள்: திரும்ப இடம் மாற்றும் துடிப்பு, 109.47 பாகைத் துடிப்பு, மறுபடி இடம் மாற்றும் துடிப்பு மூன்றும் ஒரே 0-1 கோட்டில் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் ஒரே சுழற்சியாகச் சேர்த்துவிடலாம். 7 இப்போது 5. முதலிலும் கடைசியிலும் மிஞ்சியிருக்கும் 180 பாகைத் துடிப்புகள் வெறும் இடமாற்றம்தானே? அவற்றை அனுப்பவே வேண்டாம். 'எஸ் மட்டத்துக்கு இனிப் பெயர் 1' என்று கம்பைலரின் அட்டவணையில் மாற்றி எழுதினால் போதும். 5 இப்போது 3. மளிகைக் கடை அண்ணாச்சி மூட்டையை நகர்த்தாமல், நோட்டில் பெயரை மட்டும் மாற்றி எழுதிச் சரக்கைக் கைமாற்றுவது போலத்தான்.

இதற்கு ஒரு சின்னச் செலவு உண்டு. அயனி எப்போதும் எஸ் மட்டத்தில்தான் தயாராகும். சர்க்கியூட் |0⟩-இல் தொடங்க வேண்டும், ஆனால் 0 இப்போது டி கிளையில் இருக்கிறது என்றால், தொடக்கத்தில் ஒரே ஒரு 180 பாகைத் துடிப்பு கூடுதலாக வேண்டும். நீண்ட சர்க்கியூட்டில் அது பெரிய விஷயமில்லை. குட்டி சர்க்கியூட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே உடைக்கும் செயற்கூறு அணியை மட்டும் வாங்கிக்கொள்ளக் கூடாது. மட்ட கிராஃப், தற்போதைய பெயர் அட்டவணை இரண்டையும் வாங்கி, துடிப்புகளோடு புதிய பெயர் அட்டவணையையும் திருப்பித் தர வேண்டும். எந்த வரிசையில் பூஜ்யமாக்குவது, எங்கே பெயர் மாற்றுவது என்று கிளை கிளையாகப் பிரித்துத் தேடி, தேடல் மரத்தில் விலை அதிகமான கிளைகளை வெட்டிக்கொண்டே போகலாம். பரிமாணம் 7-இல் தேடல் மரம் வேகமாக வீங்கும். அதற்கு ஒரு நேர வரம்பு வையுங்கள், கிடைத்தவரை நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஃபேஸை அனுப்பாதீர்கள்

மூலைவிட்ட ஃபேஸ்களுக்கும் துடிப்பு வேண்டாம். அடுத்து வரும் துடிப்பின் ஃபேஸை அதற்கேற்ப மாற்றிவிட்டால் அதே பலன். கியூபிட்டில் இதை விர்ச்சுவல் இசட் என்பார்கள். கியூபிட்டுக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் போதும். கியூடிட்டில் மட்டத்துக்கு ஒன்று வீதம் ஓர் எண்வரிசை வேண்டும். 0-1 கோட்டில் துடிப்பு வந்தால் அந்த இரண்டு மட்டங்களின் ஃபேஸ் வித்தியாசத்தை எடுத்துத் துடிப்பில் சேர்க்க வேண்டும். சர்க்கியூட்டின் கடைசியில், அளவிடுவதற்கு முன் மிஞ்சி நிற்கும் ஃபேஸ்களை அப்படியே விட்டுவிடலாம். அளவீட்டின் நிகழ்தகவுகளை அவை மாற்றாது.

பெயர் மாற்றினால் ஃபேஸ் வரிசையையும் கூடவே மாற்ற வேண்டும். இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்தால் ஒரு நாள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும். ஒரே பொருளில் வையுங்கள்.

படி 8: இரண்டு கியூடிட் கேட்டுகள்

காசு கரையும் இடம் இது. ஒற்றைக் கேட்டில் ஒரு துடிப்பு கூடினால் தாங்கலாம். பின்னல் கேட் (இரண்டு கியூடிட்டுகளைக் குவாண்டம் முறையில் பின்னிப் பிணைக்கும் கேட்) கூடினால் பிழை சட்டென்று ஏறும்.

சி-சம்மை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி வழியில், முதல் கியூட்ரிட் 1 என்றால் இரண்டாவதை ஒரு படி சுழற்ற வேண்டும். 2 என்றால் இரண்டு படி. மூன்று மட்டச் சுழல் ஒவ்வொன்றும் இரண்டு இடமாற்றங்கள். ஆக நிபந்தனையோடு கூடிய இடமாற்றம் 4. இன்னொரு வழி, இரண்டாவது கியூட்ரிட்டின் இரு பக்கமும் ஃபூரியேவையும் அதன் நேர்மாறையும் போட்டு, நடுவில் ஃபேஸ் மட்டும் தரும் ஒரு பின்னல் கேட்டை வைப்பது. ஃபூரியே நமக்கு மூன்று துடிப்புதான் என்று மேலே பார்த்தோம், எனவே விலை முழுக்க அந்த நடு கேட்டைப் பொறுத்தது.

அயனியில் வழக்கமாகக் கிடைக்கும் மோல்மர்-சோரன்சன் கேட் இரண்டு மட்டங்களை மட்டும் பார்க்கும். மற்ற மட்டங்கள் அந்த நேரத்தில் சும்மா இருக்காமல் ஃபேஸ் சேர்த்துக்கொள்ளும். அதை அட்டவணையில் கழிக்க மறக்காதீர்கள். ஒளி நகர்வு கேட் எல்லா மட்டங்களையும் ஒரே நேரத்தில் கையாளும். 2023-இல் இன்ஸ்ப்ரக் குழு அதை வைத்து 5 மட்டங்கள் வரை நேரடியாகப் பின்னிக் காட்டியது. உங்கள் வன்பொருளில் இது இருந்தால் இரண்டாவது வழியைத் தயங்காமல் எடுங்கள்.

கியூடிட்டுகளுக்கு இடையே வழி கண்டுபிடிப்பது கியூபிட்டில் செய்வதுதான். ஒரே பொறியில் அடுத்தடுத்து நிற்கும் அயனிகளில் எதையும் எதோடும் இணைக்கலாம் என்பதால் அந்த வேலையே இல்லை. சில்லில் மட்டும் கவனம் வேண்டும்: 2 மட்டக் கம்பியையும் 3 மட்டக் கம்பியையும் இடம் மாற்ற முடியாது, இரண்டும் வன்பொருளில் 3 மட்டம் தாங்கினால் தவிர.

படி 9: அளவீட்டையும் கம்பைல் செய்யுங்கள்

பலரும் விட்டுவிடும் பகுதி இது. கால்சியம் அயனியில் 397 நானோமீட்டர் லேசரை அடித்தால் எஸ் மட்டத்தில் இருக்கும் அயனி ஒளிரும், டி மட்டத்தில் இருந்தால் இருட்டு. ஒரு பார்வையில் 'எஸ்ஸா, இல்லையா' என்பது மட்டும்தான் தெரியும். இருட்டாக இருந்தால் ஒரு டி கிளையை எஸ்ஸுக்கு இறக்கி மறுபடி பார்க்க வேண்டும். பரிமாணம் 5 என்றால் அதிகபட்சம் நான்கு பார்வைகள்.

எந்தக் கிளையை முதலில் இறக்குவது என்பதைக் கம்பைலர் முடிவு செய்ய வேண்டும். டி மட்டத்தின் ஆயுள் ஒரு விநாடிக்குச் சற்றே மேல். காத்திருக்கும் கிளைகள் அந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். அதிகம் எதிர்பார்க்கும் விடையை முதலில் பார்ப்பது நல்லது. கடைசியாக வரும் விடையைப் பெயர் அட்டவணை வழியாகத் திருப்பி மொழிபெயர்த்துத்தான் பயனருக்குக் கொடுக்க வேண்டும். எஸ் ஒளிர்ந்தது என்பதற்காக 0 என்று எழுதிவிடாதீர்கள், அது 1 ஆக இருக்கலாம்.

படி 10: சோதனைகள்

கம்பைல் ஆகி வந்த துடிப்புகளைப் பெருக்கி ஓர் அணியாக்கி, பெயர் மாற்றத்தையும் மிச்ச ஃபேஸ்களையும் திருப்பிப் போட்டு, மூல அணியோடு ஒப்பிடுங்கள். ஒன்றின் நேர்மாறை மற்றதோடு பெருக்கி, மூலைவிட்டக் கூட்டலின் அளவைப் பரிமாணத்தால் வகுத்தால் 1 வர வேண்டும். உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டால் மொத்த ஃபேஸ் வித்தியாசத்தால் சரியான விடைகூடத் தப்பாகத் தெரியும்.

இவை தவிர எழுதி வைக்க வேண்டிய சிறு சோதனைகள்: எக்ஸைப் பரிமாணம் எத்தனையோ அத்தனை முறை போட்டால் எதுவும் மாறாமல் இருக்க வேண்டும். ஃபூரியே நான்கு முறை. கியூட்ரிட் சி-சம் மூன்று முறை. கியூட்ரிட் டொஃபோலிக்கு எட்டு உள்ளீடுகளையும் கொடுத்து, முடிவில் நடுக் கம்பியில் |2⟩-இன் நிகழ்தகவு பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் இல்லை என்றால் எங்கோ ஒரு பெயர் மாற்றம் ஃபேஸ் வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்பட்டு, படி 7-லிருந்து தேடத் தொடங்குங்கள்.